ஒரு பனியனின் சுற்றுச்சூழல் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும் தம்பி, சப்ஜெக்ட் உன் இஷ்டம்" என்றார். 2011ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன் நான். அன்று முதல் திருப்பூர்தான். பாய்லர், கம்ப்ரசர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று தொடங்கி, இப்போது சில வருடங்களாக ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டுப் பையர்களுக்குக் கணக்குக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பணக்கணக்கைப் பார்க்க ஆடிட்டர் இருக்கிறார். என்னுடையது வேறு கணக்கு. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கிலோ விறகு, எவ்வளவு கார்பன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் கேட்டால், "துணிக்கு ஜாதகம் எழுதறான்" என்று சொல்வார்கள். அது ஒன்றும் தப்பில்லை.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் ஒரு டி-சர்ட் வாங்கும்போது அதன் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பச்சை இலைப் படம். பக்கத்தில் "இத்தனை சதவீதம் குறைந்த தண்ணீர்", "இத்தனை கிலோ குறைந்த கார்பன்". அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

முறை புதிதல்ல. 1969லேயே கோகோ-கோலா நிறுவனம், பானத்தை எந்தக் குப்பியில் அடைத்தால் மூலப்பொருளும் எரிசக்தியும் குறைவாகச் செலவாகும் என்று அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த அறிக்கை முழுமையாக வெளியிடப்படவே இல்லை. பிறகு 1997ல் ஐ.எஸ்.ஓ. 14040 என்ற தர நெறி வந்தது, 2006ல் திருத்தினார்கள். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது நாம் இரண்டாம் ஆண்டில் தெர்மோடைனமிக்ஸில் படித்ததுதான். ஒரு கோடு போட்டு எல்லை வகுத்துக்கொள், எல்லைக்குள் என்ன வருகிறது, என்ன வெளியே போகிறது, எழுது. பனியன் என்றால் பருத்திக் காட்டில் ஆரம்பித்து, ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், கப்பல், கடை, வாங்கியவர் துவைப்பது, கடைசியில் குப்பைக்குப் போவது வரை.

இதில் மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். கேள்வி மாறினால் விடை மாறும். விடையை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டினால் பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது அனைவருக்கும் நினைவிருக்கும். இங்கே இன்று கொடுத்த பையும் மஞ்சப்பைதான். அந்தச் சமயத்தில் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நண்பர் ஒரு செய்தியைப் போட்டார். துணிப்பையை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும், இது டென்மார்க் அரசு சொன்னது, மஞ்சப்பை எல்லாம் ஏமாற்று என்று. 20,000 தடவை என்றால் தினமும் கடைக்குப் போனாலும் 54 வருஷம்! தாத்தா வாங்கிய பையைப் பேரன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆய்வு உண்மையான ஆய்வு. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018ல் வெளியிட்டது. எண்ணும் அதில் இருக்கிறது. ஆனால் கேள்வி என்ன? 2017ல் டென்மார்க்கின் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து 22 லிட்டர் கொள்ளளவும் 12 கிலோ எடையும் உள்ள மளிகைச் சாமானை ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுபோவது. பிறகு அந்தப் பை டென்மார்க்கின் குப்பை மேலாண்மைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்வது. தெருவில் பறக்கும் பிளாஸ்டிக் அந்த நாட்டில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லி அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். நம் ஊர் சாக்கடையும், மாட்டின் வயிறும் அந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இன்னொன்று. 20,000 என்பது இயற்கை முறைப் பருத்திப் பைக்கு, எடுத்துக்கொண்ட எல்லா வகைப் பாதிப்பிலும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டும் என்று வைத்தால் வருவது. அப்படி வைத்தால் எந்த வகையில் பை மிக மோசமோ அந்த ஒரு வகைதான் விடையைத் தீர்மானிக்கும். இங்கே அது ஓசோன் படலச் சிதைவு. பருவநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் அதே அறிக்கையில் அதே பைக்கு 149 தடவை. சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை. வாரம் ஒரு முறை சந்தைக்குப் போகிறவருக்கு ஒரு வருஷ வேலை. எங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கல்யாண மஞ்சப்பைக்கு வயது எனக்கே தெரியாது. (சில பைகளில் மாப்பிள்ளை பெண் பெயர் அழிந்தே போய்விட்டது.)

ஒரே அறிக்கையில் 52ம் இருக்கிறது, 20,000மும் இருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. உலகம் முழுக்கப் பரவியது எது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, இப்போது திருப்பூருக்கு வருகிறேன். பை விஷயத்தில் வாட்ஸ்அப் சண்டையோடு போயிற்று. இங்கே பிழைப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் துணியில் ஏற உப்பு போட வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல் என்றால் 480 கிராம். அதாவது கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இவ்வளவு உப்பும் எங்கே போகுது?" என்று டையிங் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உப்பு துணியில நிக்காதுங்க தம்பி. சாயத்தைக் கொண்டுவந்து உட்டுட்டு, வந்த வழியே தண்ணியோட போயிரும்" என்றார். கெமிஸ்ட்ரி புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த வந்த வழி எது? பல வருடங்கள் நொய்யல் ஆறுதான். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு நீர் தேங்கும் தொட்டியாக ஆகிப்போனது. உப்பு ஏறிய தண்ணீரை வயலுக்கு விட முடியாது. கிணற்றிலும் அதே கதை. சாதாரண சுத்திகரிப்பில் நிறம் போகும், நாற்றம் போகும், கரைந்த உப்பு போகாது. விவசாயிகள் நீதிமன்றத்தில் போராடினார்கள். நான் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்தக் கோடையில்தான் நான் வேலை தேடி அந்த ஊரில் பஸ் இறங்கினேன் என்பது தனிக் கதை.

மீண்டும் திறந்தவர்கள், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்கிற ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனையோடு திறந்தார்கள். முதலில் உயிரியல் முறைச் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ. சவ்வுகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டம். அதில் தேங்கும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைக் கட்டியாக எடுக்க வேண்டும். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பவும் பட்டறைக்கே வருகிறது. இன்ஜினீயரிங் என்ற முறையில் நான் பெருமைப்படுகிற விஷயம் இது. இங்கே உள்ள மாணவர்கள் ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இதற்குக் கரண்டும் நீராவியும் வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ துணிக்கு மொத்தம் 60 லிட்டர் கழிவுநீர், ஆயிரம் லிட்டரைச் சுத்திகரித்து முடிக்க 10 யூனிட் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.6 யூனிட் ஆகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு. ஆக, கிலோ துணிக்கு 400 கிராமுக்கு மேல் கூடுகிறது. 150 கிராம் பனியனுக்கு 60 சொச்சம் கிராம்.

இப்போது இரண்டு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஒன்று, நிறம் ஒன்று, தையல் ஒன்று. ஒன்று ஜீரோ டிஸ்சார்ஜ் பட்டறையில் சாயம் போட்டது. இன்னொன்று வேறெங்கோ, உப்புநீரை அப்படியே ஆற்றில் விடும் பட்டறையில் போட்டது. கார்பன் சீட்டில் எது நல்ல பனியன்? ஆற்றைக் கெடுத்ததுதான்! 60 கிராம் குறைவு!

"கார்பன் மட்டும் பார்ப்பதால்தானே இந்தச் சிக்கல், மற்றதையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடுமே" என்று முன் வரிசையில் ஒரு பேராசிரியர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்வி சார். ஐரோப்பிய யூனியன் 2013ல் பரிந்துரைத்து 2021ல் திருத்திய பொருள் சுற்றுச்சூழல் தட முறையில் 16 வகைப் பாதிப்புகளைப் பார்க்கிறார்கள். பருவநிலை, ஓசோன், அமில மழை, நீர்ப் பயன்பாடு, நில உபயோகம், நச்சுத்தன்மை என்று விரிவான பட்டியல். கதிர்வீச்சுக்குக்கூட ஒரு வகை உண்டு. நீரும் நிலமும் உப்பாவதற்கென்று ஒரு வகை கிடையாது. நொய்யல் கரையில் ஒரு தலைமுறை விவசாயத்தை முடித்த விஷயத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. அவரவர் ஊரில் எது உறுத்தியதோ அதை எழுதினார்கள். நம் உறுத்தலை நாம்தான் எழுத வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையரோடு வீடியோ மீட்டிங். பெயர் வேண்டாம். அந்த அம்மையார் ஸ்க்ரீனில் ஒரு பட்டியலைக் காட்டி, "உங்கள் டையிங் எண் மற்ற சப்ளையர்களைவிட அதிகமாக இருக்கிறதே, எப்போது குறைப்பீர்கள்?" என்று கேட்டார். எவாப்பரேட்டரைப் பற்றிச் சொன்னேன், ஆற்றைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகவே கேட்டார். பிறகு, "இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?" என்றார். கடைசியில் "குறிப்புகள்" என்ற கட்டத்தில் 300 எழுத்துக்குள் எழுதச் சொன்னார்கள். நொய்யலின் கதையை 300 எழுத்தில் எழுதினேன். அந்த சீசன் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அதற்கு விலையும் காரணமாக இருக்கலாம். முழுப் பழியையும் அந்தக் கட்டத்தின்மேல் போட மாட்டேன். ஆனால் எங்கள் லைனில் இரண்டு மாதம் ஓவர்டைம் இல்லை. அது யார் வீட்டு அடுப்பைத் தொடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விறகு எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடை, மரம் வளரும்போது உறிஞ்சியதுதானே என்று, பெரும்பாலான முறைகள் முக்கிய எண்ணில் சேர்ப்பதில்லை. தனியாகக் காட்டச் சொல்கின்றன. ஆகவே கரண்டில் ஓடும் நல்ல எவாப்பரேட்டரைவிட விறகில் ஓடும் பழைய எவாப்பரேட்டர் காகிதத்தில் அழகாகத் தெரியும். அந்த விறகு எந்தத் தோப்பிலிருந்து வந்தது, வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா என்று கேட்க ஆளில்லை.

அளப்பதில் இவ்வளவு என்றால், அதை மக்களிடம் சொல்வதில் இன்னும் கூத்து. பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் 2007ல், தாங்கள் விற்கும் 70,000 பொருளுக்கும் கார்பன் சீட்டு ஒட்டுவதாக அறிவித்தன. ஒரு பொருளுக்கே மாதக்கணக்கில் வேலை இழுத்தது. மற்றக் கடைகளும் பின்தொடரவில்லை. ஏறத்தாழ 500 பொருளோடு 2012ல் கைவிட்டார்கள். ஜவுளியில், ஹிக் என்ற குறியீட்டின் எண்களைக் காட்டி விளம்பரம் செய்த நோரோனா என்ற நிறுவனத்தின் செயல் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2022ல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் தீர்ப்புச் சொன்னது; எச்&எம் நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போனது. காரணத்தைக் கவனியுங்கள். அந்த எண்கள் உலகச் சராசரிப் பருத்திக்கு உரியவை; கடையில் தொங்கும் அந்தச் சட்டையின் பருத்திக்கு உரியவை அல்ல. அதே ஆண்டு குவார்ட்ஸ் என்ற செய்தித்தளம் எச்&எம் சீட்டுகளைத் துருவிப் பார்த்தபோது, சில துணிகளுக்கு மைனஸ் குறியையே கவனிக்காமல், கூடுதலாகத் தண்ணீர் செலவானதைக் குறைவாகச் செலவானதாகப் போட்டிருந்தது தெரியவந்தது. மைனஸ் குறி! நம் மேத்ஸ் சார் இருந்திருந்தால் பேப்பரைத் திருப்பி எறிந்திருப்பார்.

எல்லாமே தோல்விதான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு 2006ல் வந்தது. அம்மாவே கடையில் "அஞ்சு ஸ்டார் இருக்கா?" என்று கேட்கிறார். ஏன் பிடித்துக்கொண்டது? என் அபிப்பிராயம் இது. ஒரே கேள்வி: வருஷத்துக்கு எத்தனை யூனிட்? எல்லா ஃப்ரிட்ஜையும் ஒரே சோதனையில் அளக்கிறார்கள். பொய் சொன்னால் கரண்ட் பில் காட்டிக்கொடுத்துவிடும். இதே மத்திய அரசு 1991ல் மண்பானைச் சின்னத்தோடு ஈகோமார்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். (இரண்டு பேர்!) 2024ல் புதிய விதிகளோடு மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். பார்ப்போம். பனியன் நல்லதா கெட்டதா என்று எந்த பில்லும் வீட்டுக்கு வராது, அங்கேதான் கஷ்டம்.

வாங்கியவர் வீட்டில் நடப்பதும் சேர்த்திதான். லீவைஸ் நிறுவனம் 2015ல் வெளியிட்ட கணக்கில் ஒரு ஜீன்ஸுக்கு அதன் ஆயுள் முழுக்க 33.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் 37 சதவீதம் வாங்கியவர் துவைத்து உலர்த்துவதில். வெந்நீர் மெஷின், டிரையர் எல்லாம் வைத்திருப்பவர் கணக்கு அது. மொட்டை மாடிக் கொடியில் காயும் ஜீன்ஸுக்கு அந்த 37 பொருந்தாது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இனி வரப்போவது என்ன? ஐரோப்பாவில், ஆதாரம் இல்லாமல் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைத் தடுக்கும் சட்டத்தை 2024ல் இயற்றி, 2026 செப்டம்பர் 27 முதல் அமல் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று இன்னொரு சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஜவுளி முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 அக்டோபரில் பொய்ப் பச்சை விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறைகள் வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துச் சமாளித்துவிடும். பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரர் என்ன செய்வார்? அவரிடம் இருப்பது ஒரே ஒரு ஈ.பி. மீட்டர். டையிங்குக்கு எவ்வளவு, சுத்திகரிப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அளந்த எண் இல்லாவிட்டால் கணக்குப் போடுபவர் காலியாக விடமாட்டார். தகவல் தளத்தில் இருக்கும் ஏதோ ஒரு சராசரியைத் தூக்கி வைப்பார். எங்கோ இருக்கும் பட்டறையின் எண் நம் பனியனுக்கு ஒட்டப்படும். தண்ணீரில் 90 சதவீதத்தைத் திருப்பி எடுக்கும் நம் ஆளுக்கும், ஒரு சொட்டும் திருப்பாதவனுக்கும் ஒரே எண்.

ஆகவே இந்தச் சபையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று வருடா வருடம் மாடல் செய்து ஸ்டோர் ரூமில் அடுக்குகிறோம். நான் செய்த சோலார் குக்கரும் அங்கேதான் எங்கேயோ கிடக்கும். அதற்குப் பதில் நாலு பேர் கொண்ட ஒரு குழு, ஒரு சின்னச் சாயப்பட்டறையில் ஒரு செமஸ்டர் உட்காரட்டும். சப்-மீட்டர் மாட்டுங்கள், தண்ணீருக்கு ஃப்ளோ மீட்டர் மாட்டுங்கள், விறகை எடைபோடுங்கள், உள்ளே போன உப்பையும் கட்டியாக வெளியே வந்த உப்பையும் எழுதுங்கள். உப்புக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். டெக்ஸ்டைல், சிவில், கெமிக்கல் துறையும் சேர்ந்தால் நல்லது. எண்ணோடு கேள்வியும் எல்லையும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். கார்பன் எண்ணுக்குப் பக்கத்தில், வெளியேற்றிய உப்பு இத்தனை கிராம் என்று ஒரு வரி போடுங்கள். படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் நாமே ஒன்று வரைவோம்.

துறைத்தலைவர் சாரிடம் பேசிவிட்டேன். இரண்டு குழுவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மீட்டர் செலவை எங்கள் 2011 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. இப்போது தேவை பட்டறைகள். திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் யூனிட் வைத்திருக்கும் சீனியர்கள் இங்கே ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிவு மேஜையில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். யூனிட் பெயர், மெஷின் எண்ணிக்கை, பையன்கள் எந்தக் கிழமை வந்தால் தொந்தரவு இல்லை என்று எழுதிவிட்டுப் போங்கள் அண்ணா. எண் நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் யூனிட் பெயர் வெளியே போகாது. அதற்கு நான் பொறுப்பு.